கடலில் கயாக் குழு நடத்த சான்றிதழ் தேவையா? பூவார் - கொல்லங்கோடு பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொல்லங்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வீடு கொல்லங்கோட்டில், பிழைப்பு எல்லை தாண்டிப் பூவாரில். மாமாவின் ஹோம்ஸ்டேக்கு வருகிற விருந்தினர்களை நெய்யாற்றுக் காயலில் கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகில், அழைத்துப் போய் வருவதுதான் என் வேலை. கயாக் எல்லாம் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சிட்-ஆன்-டாப் வகை. காயலில் அலை கிடையாது, இரண்டு பக்கமும் கரை. யாராவது விழுந்தாலும் சிரித்துக்கொண்டே ஏற்றிவிடலாம்.

பிரச்சனை என்னவென்றால், மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் தெரிகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "அங்கே போகலாமா?" என்று கேட்கிறார்கள். இந்த டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலை வேளையில் கடலுக்குக் கூட்டிப் போகலாம் என்று மாமா முடிவே செய்துவிட்டார். வடக்கே விழிஞ்ஞம் பக்கம் கொஞ்ச தூரம், இல்லையென்றால் தெற்கே நீரோடி வரை.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு விருந்தினர், வெளிநாட்டில் கடல் கயாக் லீடருக்கென்று தனிப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு, அது இல்லாத ஆளோடு நான் கடலில் இறங்க மாட்டேன் என்றார். நீரோடியில் இருக்கிற என் பெரியப்பா மகன், "எனக்குத் தெரியாத கடலையா வெள்ளைக்காரன் பேப்பர் சொல்லித் தரப்போகிறது?" என்கிறார். அவர் பிறந்ததே கடற்கரையில்.

பயிற்சிக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்தால் எங்களுக்குப் பெரிய தொகை. அந்தக் காசில் நல்ல கயாக் இரண்டு வாங்கி, அண்ணனையும் கூட வைத்துக்கொண்டால் போதாதா? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீரோடி_கரைமடி எழுதியது:

மக்கா, உன் அண்ணன் சொன்னதுதான் சரி. பொழி, அதுதான் ஆறு கடலில் சேருகிற வாய், ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வெட்டும். போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் மணல் மேடு கிடக்கும், அதன்மேல் அலை உடையும். இதை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்? விடியற்காலையில் கரைமடிக்கு, கரையிலிருந்து வலை இழுக்க, இறங்குகிறவனிடம் கேட்டால் நிறத்தைப் பார்த்தே சொல்வான்.

ஓக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கடலில் மிதந்து உயிரோடு வந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது? நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்று தெரிந்த ஒருவனைச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள். சான்றிதழ் எல்லாம் சுற்றுலா வருகிறவனுக்குக் காட்டத்தான்.

முட்டத்துக்காரி எழுதியது:

தம்பி, முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கரைமடி அண்ணன் என்னை வெள்ளைக்காரி கணக்கில் சேர்த்துவிடுவார். அப்பா முட்டத்தில் கட்டுமரம் ஓட்டியவர். நான் லிவர்பூலில் நர்ஸ். அங்கிருந்து காரில் போய்விடும் தூரத்தில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவு இருக்கிறது. கயாக் பழகியதும், சீ கயாக் லீடர் பரீட்சை எழுதியதும் அங்கேதான். எழுதியது என்றால் பேனாவால் அல்ல, பெரும்பகுதி தண்ணீரில்தான். லீவில் ஊருக்கு வரும்போது நம் கடலிலும் ஓட்டுகிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்த திமிர் கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பொழியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் கடலை வாசிக்க எந்தச் சான்றிதழும் கற்றுத் தராது. ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். வள்ளத்தில் எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேரும் ஒரே மரத்தில் இருக்கிறார்கள். எஞ்சின் பிடிக்கிறவர் திருப்பினால் எல்லோரும் திரும்புவார்கள், கரைக்கு விட்டால் எல்லோரும் கரைக்கு வருவார்கள். கயாக்கில் எட்டுப் பேர் என்றால் எட்டு வள்ளம், எட்டு ஓட்டுநர். அதில் ஏழு பேருக்கு ஓட்டத் தெரியாது. ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு முன்னால் போவார், ஒருவருக்கு வாந்தி வரும், அதை வெளியே சொல்ல வெட்கப்படுவார். இந்த எட்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது தனி வேலை. என் அப்பாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்ததில்லை.

பரீட்சையில் பார்ப்பதும் இதைத்தான். நான் போன அணியில் ஒரு ஆள் இருந்தார். கயாக் ஓட்டுவதில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவார். கவிழ்ந்தால் கண் இமைப்பதற்குள் உருண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். ட்ரெயார்டர் விரிகுடா என்ற இடத்தில், அவர் தலைமையில் நான்கு பேர் பாறைக்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். பரீட்சை வைக்கிறவர் எங்களில் ஒருவர் காதில் ரகசியமாகக் கவிழச் சொல்லியிருந்தார். அவரும் கவிழ்ந்தார். நம் ஆள் பாய்ந்து போனார். கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தூக்கித் தன் கயாக்கின் குறுக்கே இழுத்துப் போட்டார், தண்ணீர் வடிந்தது, நிமிர்த்தினார், பக்கத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆளைப் பின்பக்கமாக ஏற வைத்தார். அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை நான் பார்த்ததில்லை.

பரீட்சை வைக்கிறவர் கேட்டது ஒரே கேள்வி: "மற்ற மூன்று பேரும் எங்கே?"

ஒருவர் காற்றில் பாறைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தார். ஒருவர், யாரும் நிற்கச் சொல்லாததால், முனையைத் தாண்டிக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தார். மூன்றாவது ஆள் நான். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, மிதந்து போன துடுப்பை எடுக்கப் போயிருந்தேன். உதவ வருவதாகக் குறுக்கே வந்து விழும் விருந்தினரும் உண்டு என்பதற்காக என்னை அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆளுக்கு அன்று சான்றிதழ் கிடைக்கவில்லை. பாய்வதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: மூன்று பேரும் பாறையை விட்டு விலகி, மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, என்னைப் பார்த்தபடி மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். அதைச் சொல்ல இரண்டு மூச்சுக்கு மேல் ஆகாது.

அங்கே லீடர்களுக்கு நான்கு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். போகும் முன்பே எல்லோருக்கும் புரிகிற சைகைகளைப் பேசி வைத்துக்கொள். யாரும் உன் கண்ணை விட்டு மறையக் கூடாது, நீயும் அவர்கள் கண்ணை விட்டு மறையாதே. ஆபத்து வந்தபின் சமாளிப்பதைவிட அது வரும் இடத்துக்கே போகாதே. அப்புறம், அடுத்த பிரச்சனை எங்கே வரும் என்று நினைக்கிறாயோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் நில். இந்தக் கடைசி ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நான் காசு கொடுத்துக் கற்றேன் என்பேன். குழு நடத்துகிறவர் எப்போதும் முன்னால் போக வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் நீ கடல் பக்கம் நிற்க வேண்டும், ஒதுங்கி வருகிறவர் உன்மேல் வந்து முட்டுவார். பாறை ஓரம் போனால் குழுவுக்கும் பாறைக்கும் நடுவில் நீ.

கரையிலிருந்து அடிக்கும் காற்று என்றதும் லைம் விரிகுடா விபத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் இந்தச் சான்றிதழ் முறை இவ்வளவு இறுகியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். 1993 மார்ச் 22. பிளிமத் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஒரு ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள். காலையில் லைம் ரீஜிஸிலிருந்து பக்கத்துக் கரையான சார்மத்துக்கு, மதியத்துக்குள் முடிகிற சின்னப் பயணம். ஆசிரியரின் கயாக் திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு நின்றுவிட்டார். இன்னொருவர் எட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க வைத்தார். சேர்த்துப் பிடித்த கூட்டத்தைக் காற்று அப்படியே கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே போகப் போக அலை பெரிதானது, குளிர்ந்த நீர், ஒவ்வொரு கயாக்காக நிறைந்து போனது. ஹெலிகாப்டர் வந்து தூக்கும்போது சாயங்காலம். நான்கு பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்த இரண்டு பயிற்சியாளர்களிடமும் இருந்தது ஆரம்ப நிலைச் சான்று மட்டும்தான். அதற்கு முன்பு அவர்களுடைய சாகசப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்து விலகிய இரண்டு பேர், இங்கே பாதுகாப்பு சரியில்லை என்று நிர்வாகத்துக்கு எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். நிர்வாக இயக்குநருக்கு 1994-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 1995-இல் பிள்ளைகளுக்குச் சாகசப் பயிற்சி தரும் மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது.

கரைமடி அண்ணன் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அன்று அடித்தது புயல் இல்லை. நம் ஊரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் கரையிலிருந்து அடிக்கிற காற்றை நினைத்துப் பாருங்கள். கரையோரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும். விருந்தினருக்குப் படம் எடுக்க அதைவிட நல்ல கடல் கிடையாது. அரை கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், வந்த வேகத்தில் பாதி காற்று கொடுத்தது என்று. உங்கள் மாமா கடலுக்குப் போக முடிவு செய்திருப்பது சரியாக அந்த மாதங்களில், அந்த வேளையில்.

இப்போது மறுபக்கம். அங்கே வாங்கிய சான்றிதழோடு நேரே வந்து பூவாரில் குழு நடத்தலாமா? கூடாது. என் சான்றிதழுக்கே எல்லை உண்டு. கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள், காற்று பியூஃபோர்ட் என்ற காற்று வேக அளவில் 4-ஐத் தாண்டாமல், நீரோட்டம் 2 நாட் வேகத்துக்குள், அதாவது மணிக்கு 2 கடல் மைலுக்குள். அதற்கு மேலே போனால் அடுத்த நிலைக்காரர்தான் நடத்த வேண்டும். இந்த எல்லையைத் தெளிவாக எழுதி வைத்திருப்பதையே நான் பெரிய பயன் என்று சொல்வேன். மாமா "இன்றைக்கு ஆள் வந்துவிட்டார்கள், போய்த்தான் ஆக வேண்டும்" என்று நிற்கும்போது, "காற்று 4-ஐத் தாண்டிவிட்டது, என் சான்றிதழ் செல்லாது" என்று சொல்லலாம். மருமகன் பயப்படுகிறான் என்ற பேச்சு வராது.

ஆனால் அந்தப் பாடத்திட்டம் அவர்கள் கடலுக்காகச் செய்தது. பிரிஸ்டல் கால்வாயில் ஓதம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால் ஓத அட்டவணை, நீரோட்டக் கணக்கு என்று மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள். நம் பக்கம் ஓதம் ஒரு மீட்டர்கூட வராது. நமக்கு எமன் அலைதான். செங்குத்தான மணல் கரை, அதில் மொத்தமாக மடிந்து விழுகிற அலை. கயாக்கில் வருகிறவர் கழுத்து ஒடிய அது போதும். முதலப்பொழியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் துறைமுக வாயிலில் எத்தனை வள்ளங்கள் கவிழ்ந்திருக்கின்றன? அவர்கள் யாரும் கடல் தெரியாதவர்கள் இல்லையே.

கள்ளக்கடல் இன்னொன்று. தெற்கே எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயல் எழுப்பும் அலை, நம் ஊரில் காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 15 வினாடிக்கு மேல் இடைவெளி இருக்கும். பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டு, அப்புறம் வெகுநேரம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற நேரத்தில் வந்து நிற்கிறவனுக்கு இன்று கடல் சாது என்று தோன்றும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் போனது அப்படித்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் மையம் கடலோர மாவட்டங்களுக்கு அலை எச்சரிக்கை தருகிறது. கயாக்கை வண்டியிலிருந்து இறக்கும் முன் அதைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். பார்த்தபின்னும் கரையில் உட்கார்ந்து நெடுநேரம் அலையைப் பார்க்க வேண்டும். டீ குடிக்கிற நேரம் போதாது, டீக்கடையே மாறி உட்கார்ந்து பார்க்கிற நேரம் வேண்டும்.

அங்கே லீடர்கள் சட்டைப்பையில் சாட்டிலைட் கருவி வைத்திருப்பார்கள். இங்கே உரிமம் இல்லாமல் அதைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் கேஸ். உங்களுக்கு இருப்பது தண்ணீர் புகாத உறையில் போன், கடலோரக் காவல்படையின் 1554, தமிழ்நாட்டுப் பக்கமானால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்பதால் சிக்னல் எங்கே விடும் என்பதைக்கூட முன்பே ஓட்டிப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆக, பயிற்சி எடு தம்பி, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. கயாக் ஓட்ட அல்ல, ஆளைப் பார்த்துக்கொள்ள. காசு வாங்கிக் குழு நடத்துவதென்றால் பரீட்சையும் கொடு. உன்னைத் தெரியாத ஒருவர் கூடவே வந்து, நீ செய்வதைப் பார்த்து, "மற்றவர்கள் எங்கே?" என்று கேட்பது பரீட்சையில் மட்டும்தான் நடக்கும். உன் அண்ணனை விட்டுவிடாதே, அவரும் வேண்டும். பொழியைத் தாண்டி விருந்தினரைக் கூட்டிப் போகிற எண்ணத்தை மட்டும் இப்போதே விட்டுவிடு.

ஏரிக்கரை_பழவேற்காடு எழுதியது:

நான் ஆந்திர எல்லைக்காரன், எனக்குக் கயாக் தெரியாது. ஆனால் விபத்துக்கு அப்புறம் ஊர் என்ன ஆகும் என்று தெரியும்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் லீவுக்கு சென்னையிலிருந்து வந்த கூட்டம். எங்கள் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை. நன்றாகப் படகு விட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான் தடை. படகு ஓட்டியவருக்கு ஏரி தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? ஏரியிலேயே வளர்ந்தவர்கள்தான் இங்கே எல்லோரும். ஏற்றக் கூடாத அளவு ஆள் ஏற்றுவதைத் தடுக்க அந்த ஞானம் உதவவில்லை.

2023 மே மாதம் மலப்புரம் பக்கம் தானூரில் கவிழ்ந்ததும் அதே கதை. அங்கேயும் 22 உயிர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது என்று செய்தியில் வந்தது.

இன்னொரு விஷயம். நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்பது "உனக்கு என்ன தகுதி?" என்றுதான். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-இல் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அது சட்டம் இல்லைதான். ஆனால் வக்கீல் அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருவார். முட்டத்து அக்கா சொன்ன பயிற்சியோடு, எத்தனை பேரை ஏற்றினோம், லைஃப் ஜாக்கெட் போட்டார்களா, அன்றைய காற்று என்ன என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள்.

நீரோடி_கரைமடி எழுதியது:

முட்டத்து மோளே, ஒரே மரத்தில் இருப்பதும் எட்டு மரத்தில் இருப்பதும் வேறு என்றது எனக்கு உறைத்தது. ஒத்துக்கொள்கிறேன். கரைமடி இழுக்கும்போது இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கவனிக்க ஒரு ஆள் கத்திக்கொண்டே நிற்பான், அவன் இழுக்க மாட்டான். அந்த வேலைதானே இது?

ஆனால் இதற்கு எதற்கு வேல்ஸுக்குப் போக வேண்டும்? எஞ்சின் வள்ளம் ஒன்றைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனால் முடிந்தது. எவன் ஒதுங்கினாலும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். டீசல், ஆள்கூலி எல்லாம் சேர்த்தாலும் டிக்கெட் காசு ஆகாது.

முட்டத்துக்காரி எழுதியது:

அதேதான் அண்ணே, இழுக்காமல் கத்துகிற ஆள்!

வள்ளம் நல்ல யோசனை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் சீசன் முழுக்க வள்ளம் இல்லாமல் போகவே கூடாது என்பேன். ஆனால் மூன்று சிக்கல் இருக்கிறது. தண்ணீரில் தலை மட்டும் தெரிகிற ஆளை நோக்கி எஞ்சின் ஓடிக்கொண்டே வரக் கூடாது. கிட்டே வந்ததும் அணைத்துவிட்டு மிதந்து வர வேண்டும், இல்லையென்றால் எஞ்சினின் காற்றாடி காலை எடுத்துவிடும். மீன் பிடிக்கிறவர்கள் பழக்கத்தில் எஞ்சினை அணைக்க மாட்டார்கள், மறுபடி இயக்குவது பெரும்பாடு என்பார்கள். அதைப் பேசி, ஒத்திகை பார்த்து வைக்க வேண்டும். அடுத்தது, அலை உடைகிற இடத்துக்குள் வள்ளம் வர முடியாது. விருந்தினர் அதிகம் கவிழ்வதே அங்கேதான். கரையில் ஏறும்போது ஒவ்வொருவராக, சைகை காட்டியபின் மட்டும் விடுவது லீடர் வேலை. மூன்றாவது, வள்ளம் பின்னால் வருகிறது என்ற தைரியத்தில் போகக் கூடாத நாளிலும் போவார்கள். நானே இரண்டு ஊரில் பார்த்துவிட்டேன்.

கொல்லங்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டினேன். பழவேற்காட்டு அண்ணன் எழுதியதைக் கேட்டதும்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். பொழி வழியாகப் போவதில்லை என்று முடிவு.

முட்டத்து அக்கா, இன்னும் ஒரு கேள்வி. உடனே வெளிநாடு போகக் காசு இல்லை. இங்கேயே எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கோவாவில் மத்திய அரசின் நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறதே, அந்தச் சான்றிதழ் போதாதா? எங்கள் சிட்-ஆன்-டாப் கயாக்கே கடலுக்கும் ஆகுமா?

முட்டத்துக்காரி எழுதியது:

கோவா நிறுவனத்தின் உயிர்காப்புப் பயிற்சி நல்லது, போய் வா. மூழ்குகிறவரைக் கொண்டுவருவது, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது எல்லாம் கைப்பழக்கமாக வரும். ஆனால் அது உயிர்காப்பாளருக்கு உரிய சான்று. கயாக் குழு நடத்தும் சான்று என்று போர்டில் எழுதி வைத்துவிடாதே. முதலுதவிச் சான்று இரண்டு மூன்று வருஷத்தில் காலாவதி ஆகிவிடும், தேதியைப் பார்த்துப் புதுப்பி. நான் வார்டில் வேலை பார்க்கிறவள், எனக்கே நெஞ்சு அழுத்தும் பயிற்சியைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்.

சிட்-ஆன்-டாப் கடலுக்கு ஆகாது என்றில்லை. வெதுவெதுப்பான நம் தண்ணீரில் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், தண்ணீர் இறைக்கிற வேலை இல்லை. ஆரம்பக்காரருக்கு அதுதான் நல்லது. ஆனால் காற்று அதிகம் பிடிக்கும், எதிர்க்காற்றில் நகராது. அதனால் இடுப்பில் கட்டுகிற டோ லைன், அதாவது இன்னொரு கயாக்கை இழுத்துப் போகிற கயிறு, ஒன்று வாங்கு. இழுத்தால் ஒரே நொடியில் கழன்றுவிடுகிற பக்கிள் இருக்கிறதா என்று பார். நைலான் கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அலையில் அது உன்னையே கட்டி இழுக்கும். கயாக்குக்குள் தண்ணீர் கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் தூக்கிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். பழைய சிட்-ஆன்-டாப்பில் திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே தெரியாமலே கனத்துவிடும்.

அதுவரை காயலிலேயே பழகு. உன் நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொள், ஒருவரிடம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் கவிழச் சொல்லி வை, யாரென்று உனக்குத் தெரியக் கூடாது. கரையில் ஒருவரை நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல். சாயங்காலம் போட்டுப் பார்க்கும்போது கவிழ்ந்தவரைப் பார்க்காதே, மற்ற மூன்று பேரையும் பார். அது சரியாக வர ஆரம்பித்தபின், அண்ணன் வள்ளத்தோடு நீங்கள் மட்டும் கடலில் இறங்கிப் பாருங்கள், விருந்தினர் வேண்டாம். ஜனவரியில் நான் ஊருக்கு வருகிறேன். காயலில் ஒரு நாள் உன் குழுவில் விருந்தினராக வந்து உட்காருகிறேன், எப்போது கவிழ்வேன் என்று சொல்ல மாட்டேன்.

நீரோடி_கரைமடி எழுதியது:

வள்ளம் என்னுடையது எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைக்கவும் செய்கிறேன். டீசல் காசை மாமாவிடம் முன்கூட்டியே வாங்கிவிடு மக்கா.